இடது முழங்கால் முதலில்

விச்சியனுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. சந்தையில் எதிரே வருகிறவர் நின்று "என்னப்பா, சாப்டாச்சா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். அவர் நாலடி நடந்து போன பிறகுதான், "அட, வலது குதிகாலைத் தேய்த்து நடக்கிறவர்" என்று பிடிபடும். பின்னாலேயே ஓடிப்போய்க் கும்பிட்டு நலம் விசாரிப்பான். ஊரில் பாதிப் பேர் அவனைக் கர்வம் பிடித்தவன் என்றும் மீதிப் பேர் சற்றுக் கழன்றவன் என்றும் நினைத்திருந்தார்கள்.

தாய்லாந்தின் யசோதோன் நகருக்குப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த அரசு மருத்துவமனையில் அவன் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெயர் ஊர்க்காரர்கள் வாயில் நுழைவதாயில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உடம்பைத் தொட்டுப் பார்க்கிற எல்லாரும் அவர்களுக்கு டாக்டர்தான். ஆரம்பத்தில் "நான் டாக்டர் இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தான். "பரவால்ல டாக்டர்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு அவனும் விட்டுவிட்டான்.

தபால் நிலையத்தில் வேலை பார்த்த அவன் மனைவி மாலிவான், வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டாள். "ஊர்ல ஆம்பளைங்க பொண்ணைப் பாத்தா கண்ணைப் பாப்பாங்க, சிரிப்பைப் பாப்பாங்க. இந்த மனுஷன் என்னை முதமுதல்ல பாத்துட்டு, உங்க கணுக்கால் உள்பக்கமா சாயுது, செருப்பை மாத்துங்கன்னாரு. செருப்பை மாத்தினேன். அப்புறம் வேற வழியில்லாம கட்டிக்கிட்டேன்."

அவன் இந்த வேலைக்கு வந்ததற்கும் ஒரு முழங்கால்தான் காரணம். பதினேழு வயதில் கோயில் திருவிழாக்களில் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு முறை ஊன்றிய கால் மண்ணில் பதிந்திருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம், திருகச் சொன்னால் அது ஒத்துக்கொள்ளாது. படாரென்று கேட்ட சத்தத்தோடு அவனுடைய குத்துச்சண்டை முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு படுக்கையில் கிடந்த மாதங்களில், ஒரு மனிதன் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதற்குள் எத்தனை மூட்டுகள் ஒன்றையொன்று கலந்து பேசுகின்றன என்று யோசிக்க ஆரம்பித்தவன், இன்றுவரை அந்த யோசனையை நிறுத்தவில்லை.

அவன் கதையில் சொல்லத்தக்க சம்பவம் என்றால் அது லம்துவானின் இடுப்புதான்.

லம்துவான் பேருந்து நிலையத்தை ஒட்டிப் பப்பாளிக்காயை மிளகாயோடு உரலில் இடித்து விற்கிறவள். கணவன் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் தவாட் பாங்காக்கில் ஐஸ் தொழிற்சாலையில் இருந்தான். பானை கழுவிய ஈரத்தில் அவள் வழுக்கி விழுந்து இடது இடுப்பை முறித்துக்கொண்டபோது வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தான். மாகாணத் தலைநகரின் பெரிய மருத்துவமனையில் தொடையெலும்பின் முறிந்த உச்சியை எடுத்துவிட்டு உலோக உருண்டை பொருத்தினார்கள். அறுவை அறைக்கு வெளியே நின்ற தவாட், அம்மா எழுந்து நடந்தால் ஒரு மழைக்காலம் முழுக்கத் துறவு பூண்டு பிக்குவாக இருப்பதாக வேண்டிக்கொண்டான்.

உள்ளூருக்குத் திரும்பியதும் அவள் விச்சியனிடம் வந்தாள். விச்சியனின் அறையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு உண்டு. ஒரு கை இல்லாத அதைப் பார்த்து நோயாளிகள் பயந்தார்களே தவிர ஒன்றும் கற்றுக்கொண்டதில்லை. அதனால் அவரவர் தொழிலில் இருந்தே பேச்சை ஆரம்பிப்பது அவன் வழக்கம்.

"பெரியம்மா, நீங்க பப்பாளி இடிக்கிற உரல் இருக்குல்ல, அதுதான் இடுப்பு. தொடையெலும்போட உச்சி அந்தச் சின்ன உலக்கை. எந்தப் பக்கம் வேணா சாயும், சுத்தும். முழங்கால் மாதிரி ஒரே போக்கு இல்ல. ஆனா உலக்கையை ரொம்பச் சாய்ச்சா என்ன ஆகும்?"

"விளிம்புல முட்டும்."

"அதுக்கு மேலயும் அமுக்கினா?"

"வெளிய தெறிக்கும். பப்பாளியும் தெறிக்கும், பக்கத்துல நிக்கிறவன் சட்டையும் போகும்."

"அவ்வளவுதான். உங்க உரலைச் சுத்தி இருக்கிற தோலை வெட்டித் தைச்சிருக்காங்க. அது இறுகுற வரைக்கும் காலை ரொம்ப மடக்கக்கூடாது, குறுக்கப் போடக்கூடாது, பாதம் வெளிய போய் முட்டி உள்ள திரும்பக்கூடாது. மூணும் சேந்தா தெறிச்சிடும்."

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். தூங்கும்போது தொடைகளுக்கு நடுவே தலையணை, கழிப்பறையில் உயரமான இருக்கை என்று எல்லாவற்றையும் பட்டியலாக ஒப்பித்தாள். கடைசியாக அவன் கேட்டான்:

"தரையில உக்காருவீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? தவாட் உசரமா நாற்காலி வாங்கிப் போட்டிருக்கான். வீட்லயும் கடையிலயும் அதுலதான்."

அவள் பொய் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, ஊர்க் கோயிலின் தலைமைப் பிக்கு அவளைப் பார்த்து ஆசி கூற வீட்டுக்கு வந்தார். வாசலில் காவி தெரிந்த மாத்திரத்தில் லம்துவான் நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, இரண்டு முழங்கால்களையும் வலப்பக்கம் மடித்து, பாதங்களை இடப்பக்கம் ஒதுக்கி, கைகூப்பித் தலை தாழ்த்தினாள். அந்த நாட்டில் பெண்கள் பிக்குவின் முன்னால் அமரும் விதம் அதுதான். நடக்கப் பழகும்போதே அதையும் பழகிவிடுகிறார்கள். அவன் செய்யக்கூடாதென்று சொன்ன மூன்றும் அந்த ஒரு நொடியில் ஒன்றாகச் சேர்ந்தன. உலோக உருண்டை குழியை விட்டு நழுவி, அவள் போட்ட அலறலில் பிக்குவே அரண்டுபோனார்.

மயக்க மருந்து கொடுத்து இழுத்து மறுபடி உள்ளே பொருத்தினார்கள். அறுவை செய்த டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை நழுவிச்சுன்னா திறந்துதான் ஆகணும். இந்த எலும்பு அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியல. அப்புறம் நடக்கறது கஷ்டம்."

விச்சியன் அவள் கட்டிலருகே வந்து நின்றான். கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டான். "தரையில உக்கார மாட்டேன்னு சொன்னீங்களே பெரியம்மா."

அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "நான் எப்ப உக்காந்தேன்? பெரிய சாமி வந்தாரு, கும்பிட்டேன்."

அவனிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் அவன் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பான். தரையில் உட்காருவது என்றால் சாப்பிட உட்காருவது, காய் நறுக்க உட்காருவது. பிக்குவின் முன் மடங்குவதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. புத்தகத்தில் படித்த கேள்வியை அப்படியே கேட்டுவிட்டு வந்த தன்னைத்தான் அவன் நொந்துகொண்டான்.

மழைக்கால நோன்புக்கு முன்னால் தவாட்டின் துறவேற்புக்கு நாள் குறித்தார்கள். அந்தச் சடங்கில் தாயின் பங்கு பெரிது. காவி உடையை மகனுக்குத் தாய் கொடுக்க வேண்டும். அவன் உடுத்திப் பிக்குவாக வந்தமர்ந்ததும் முதல் காணிக்கையைத் தாய்தான் வைக்க வேண்டும். தலைமைப் பிக்கு நல்ல மனிதர், விவகாரம் இல்லாதவர். "புத்தருக்கு உன் இடுப்பெலும்பு தெரியும்மா. பின்னால வயசானவங்களுக்கு நாற்காலி போட்டிருக்கு. அதுல உக்காந்தே குடு" என்று சொல்லிவிட்டார்.

லம்துவான் அதற்கும் தலையாட்டினாள். ஆனால் விச்சியனின் அறைக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது.

"சாமி சொல்லிட்டாரு, சரி. நாற்காலிலதான் உக்காருவேன். ஆனா டாக்டர், அன்னிக்கும் நான் இறங்கணும்னு நினைச்சு இறங்கலையே. காவியைப் பாத்ததும் உடம்பு தானா இறங்கிடுச்சு. பெரிய சாமி வந்ததுக்கே அப்படின்னா, என் புள்ளை காவி கட்டிட்டு வந்து உக்காரும்போது இந்த உடம்பு சொன்ன பேச்சு கேக்குமா?"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அறுபது வருடப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. உடம்புக்கு "வேண்டாம்" என்ற சொல் புரியாது. வேண்டாம் என்பதற்குப் பதிலாகச் செய்ய ஏதாவது கொடுத்தால்தான் அது பழையதை விடும்.

இரண்டு நாள் மாலிவானின் பேச்சு எதுவும் அவன் காதில் விழவில்லை. கூடத்தில் பாய் விரித்து, தானே அந்தப் பெண்களைப் போல மடங்கி மடங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதங்களை வலப்பக்கம் போட்டால் இடது இடுப்பு வெளிப்பக்கமாகத் திரும்பும். அது அவ்வளவு ஆபத்தில்லை. அப்படி உட்காரச் சொல்லலாமா? மாலிவான் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"மந்திரம் ஓதி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க? ஒரு பக்கம் மரத்துப்போனா நாங்க மறுபக்கம் மாத்திக்குவோம். மாத்தினதே எங்களுக்குத் தெரியாது."

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. பாயைச் சுருட்டி வைத்தான். மறுநாள் காலையில் பல் துலக்கும்போது விடை கிடைத்தது. மண்டியிடுவது. முழங்காலில் நிமிர்ந்து நின்றால் இடுப்பு மடங்குவதே இல்லை, மடங்குகிற வேலை முழுவதையும் முழங்கால் பார்த்துக்கொள்ளும். அதுவும் மரியாதைதான், பிக்குவுக்குக் கீழேதான். குதிகால்மேல் உட்காராமலும் குனியாமலும் இருந்தால் போதும். இறங்கும்போது வலது காலை முன்னால் ஊன்றி, இடது முழங்காலை முதலில் தரையில் வைக்க வேண்டும். எழும்போது வலது பாதம் முதலில். அப்படிச் செய்தால் உலோக உருண்டை குழியின் நடுவிலேயே இருக்கும்.

அன்றிலிருந்து பயிற்சி ஆரம்பமாயிற்று. முதலில் பிட்டத்துத் தசை. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. எழுந்து நிற்கிறோம் என்றால் பின்னாலிருந்து எதுவோ தொடையை இழுத்து நிமிர்த்துகிறது என்று அர்த்தம். அவளுக்கு அந்தத் தசை வெட்டித் தைத்ததில் சோம்பிக் கிடந்தது. படுத்தபடி இடுப்பைத் தூக்கச் சொன்னான். சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னுக்கு நீட்டச் சொன்னான்.

"இதெல்லாம் செஞ்சா குமரியாயிடுவேனா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"குமரி ஆக மாட்டீங்க. ஆனா குமரிங்க பொறாமைப்படுவாங்க."

மாலை வேளைகளில் விச்சியனும் வந்து பார்க்க, அவள் வீட்டிலேயே ஒத்திகை. தவாட் பாயில் பிக்கு போலக் கால் மடித்து நிமிர்ந்து உட்காருவான். அவள் வந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது முழங்காலை முதலில் தலையணைமேல் வைத்து இறங்குவாள். பப்பாளித் தட்டைக் காணிக்கையாக வைத்துக் கும்பிடுவாள். பிறகு அவன் தோளில் கையை ஊன்றி எழுவாள்.

"சாமி, கொஞ்சம் தோளைக் குடுங்க."

"காணிக்கையில மிளகாய் கம்மியா இருக்கே உபாசகி. தோள் கிடையாது."

"உதை கிடைக்கும். குடுடா."

மூவரும் சிரிப்பார்கள். சில நாட்களில் விச்சியன் "இடது முழங்கால்" என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே அது தரையைத் தொட்டிருக்கும். உடம்பு புதிய வழியைக் கற்றுக்கொண்டுவிட்டது. பூரித்துப்போன விச்சியன் அன்று வீட்டில், ஒட்டுச் சோறு வைக்கும் சின்ன மூங்கில் கூடைகளில் இரண்டைக் காலி செய்தான்.

துறவேற்பு நாளில் மழை இல்லை. மொட்டைத் தலையும் வெள்ளை உடையுமாகத் தவாட்டைத் தோழர்கள் தோளில் தூக்கிக்கொண்டு சன்னதியைச் சுற்றி வந்தார்கள். காவி உடைத் தட்டை உறவுக்காரப் பெண் சுமக்க, லம்துவான் கோலூன்றிப் பின்னால் நடந்தாள். இடது பக்கம் சாயாமல் நடக்கிறாளா என்று விச்சியன் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தபடி வந்தான். சன்னதி வாசலில் அவள் மகனின் தோளைப் பிடித்து, இடது முழங்காலை வைத்து இறங்கினாள். காவியைக் கொடுத்தாள். தவாட் அவள் முன் மூன்று முறை விழுந்து வணங்கினான். மறுபடி தோளைப் பிடித்து எழுந்தாள். ஒத்திகையில்கூட அவ்வளவு அழகாக வந்ததில்லை.

விச்சியன் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தான். மந்திரங்கள் நீண்டன. தவாட் உள்ளே போய் உடை மாற்றிக் காவியில் திரும்பி வந்து பிக்குகளின் வரிசைக்கு முன் மண்டியிட்டான். இடது தோளைக் காவி மூடியிருந்தது. வலது தோள் வெறுமையாக, வேர்வையில் மினுங்கிற்று. அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டேயிருந்த விச்சியனுக்குத் திடீரென்று ஒன்று பிடிபட்டது.

பிக்குவை எந்தப் பெண்ணும் தொடக்கூடாது. பெற்ற தாயும் தொடக்கூடாது. அது அந்நாட்டில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும், தவாட்டுக்குத் தெரியும், லம்துவானுக்குத் தெரியும். அத்தனை மாலைகளும் "சாமி, சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே அவன் தோளைப் பிடித்து இறங்கி ஏறினாள், மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தோள் இல்லாமல் அவள் ஒரு முறைகூட எழுந்ததில்லை.

புதிய பிக்கு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். முதல் காணிக்கைக்குத் தாயை அழைத்தார்கள். விச்சியன் நாற்காலி எடுக்க எழுந்தான். ஆனால் தரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நடுவே நிமிர்ந்து நடந்துபோக முடியாது. நாற்காலியை அணைத்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு நகர வேண்டியிருந்தது. அவன் பாதி தூரம் வருவதற்குள் அவள் மகனின் முன்னால் போய்விட்டாள்.

வலது பாதத்தை முன்னால் ஊன்றினாள். இடது முழங்கால் தரையைத் தொட்டது. கோலைப் பிடித்தே ஒழுங்காக இறங்கிவிட்டாள். இறங்கியபின் பிக்குவின் முன் கோலைப் பிடித்திருப்பது சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, அதைப் பின்னால் இருந்தவளிடம் நீட்டிவிட்டாள். பெண் கையிலிருந்து பிக்கு நேராக எதையும் வாங்கக்கூடாது என்பதால் தவாட் மஞ்சள் துணியைத் தன் முன் விரித்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் தட்டை அதன்மேல் வைத்தாள். குனியாமல், நிமிர்ந்தபடியே கைகூப்பினாள். கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

பிறகு, பழக்கத்தில், அவள் வலது கை அந்தத் தோளை நோக்கிப் போயிற்று.

பழக்கத்தில் அவன் கையும் எழுந்தது. பாதி வந்தது. சட்டென்று அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, உடம்பையே ஒரு சாண் பின்னுக்குச் சாய்த்தான். அவள் கை வெறும் காற்றில் நின்றது. பெண்கள் பக்கம் யாரோ "ஐயோ" என்று மெல்ல முனகினார்கள். தாயைப் பார்த்த அந்த இளம் பிக்குவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. விச்சியன் வாழ்க்கையில் எத்தனையோ வலியைப் பார்த்திருக்கிறான். இந்த முகத்தை அவனால் நேரே பார்க்க முடியவில்லை.

லம்துவான் கையைத் தாழ்த்தி வலது தொடையில் ஊன்றினாள். இன்னொரு கையையும் அதன்மேல் வைத்தாள். எழ முயன்றாள். பாதியில் தொடை நடுங்கிற்று. மறுபடி முழங்காலில் வந்து விழுந்தாள். இடுப்பு பின்னால் சரியத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் சரிந்தால் குதிகால்மேல் உட்கார்ந்துவிடுவாள். அங்கிருந்து பக்கவாட்டில் மடங்க ஒரு நொடி போதும். "நிமிருங்க, நிமிருங்க" என்று விச்சியனின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

அவள் நிமிர்ந்தாள். இடது பிட்டத்தை இறுக்குவது இடுப்பில் சுற்றியிருந்த பட்டுத் துணிக்கு மேலேயே அவனுக்குத் தெரிந்தது. வலது பாதத்தைச் சற்று அகற்றி வைத்து, மார்பை முன்னால் கொண்டுபோய், தரையை மிதித்தாள். முழங்கால் தரையை விட்டுக் கிளம்பியது. தள்ளாடினாள், நின்றாள். நின்றபின் மறுபடி கைகூப்பிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, விச்சியன் கொண்டுவந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மதியம் கோயில் மரத்தடியில் ஊருக்கே சாப்பாடு. விச்சியன் ஒட்டுச் சோற்றுக் கூடையோடு அவளருகே போனான்.

"தப்பு என்னோடது பெரியம்மா. தோள் இல்லாம எழுந்திருக்கப் பழக்கியிருக்கணும். இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. வலிக்குது, இருக்கு." அவள் சோற்றை உருட்டிக் கையிலேயே வைத்திருந்தாள். தூரத்தில் பிக்குகளின் வரிசையில் கடைசியாக உட்கார்ந்து தவாட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் விலகிட்டான்னு மனசு சங்கடப்படாதீங்க. அவனால வேற ஒண்ணும் செய்ய முடியாது."

"விலகினது எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால அவன் கை பாதி வந்துச்சு, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முதல் தடவை எழுந்திருக்கப் பாத்து நான் விழுந்தப்ப அந்தக் கை மறுபடி துடிச்சுது டாக்டர். மடிக்குள்ளயே துடிச்சுது." அவள் சோற்றை வாயில் போடாமல் கூடையிலேயே வைத்தாள். "இன்னொரு தடவை விழுந்திருந்தா அது முழுசா வந்திருக்கும். புள்ளை எனக்காக நேர்ந்துக்கிட்டது என்னாலயே போயிருக்கும். அதான் எழுந்துட்டேன்."